மணிக்கும் சிட்டுக்கும் எது இயற்கை?

வந்த கடிதத்தின் சுருக்கம் இது: "பெங்களூரு பானஸ்வாடியில் இருக்கிறோம். பூர்வீகம் கும்பகோணம். வீட்டில் முட்டை வரை உண்டு, இறைச்சி சமைப்பதில்லை. ஆறு வயது லேப்ரடார் மணி (34 கிலோ) ஒரு வருடமாகச் சொறிந்துகொண்டே இருக்கிறான். ஊசி போட்டால் மூன்று வாரம் அடங்குகிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. கடை உணவையும் ரசாயன மருந்துகளையும் நிறுத்திவிட்டு இயற்கை உணவு, நாட்டு மருந்து, முழுமை மருத்துவம் என்று மாறிவிடலாமா? தேங்காயெண்ணெய், மஞ்சள், வேப்பெண்ணெய், பூண்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தடுப்பூசியே வேண்டாம் என்றும் ஒருவர் சொன்னார். என் மாமியார் மணிக்கும், மாடிப்படியில் கிடைத்த பூனை சிட்டுவுக்கும் தயிர்சாதம் பிசைந்து வைக்கிறார். சிட்டு ஆறு மாதமாக அதையும் பாலையும்தான் சாப்பிடுகிறாள். இப்போதெல்லாம் அவள் முன்போலத் தாவுவதில்லை, அலமாரி மேல் ஏறப் போய்த் தவறி விழுகிறாள். சோம்பேறியாகிவிட்டாள் என்று நினைக்கிறோம்."

உங்கள் கேள்வி முழுவதும் மணியைப் பற்றியது. எனக்குக் கவலை தந்தது கடைசி இரண்டு வரிகள். ஆகவே மணி காத்திருக்கட்டும், சிட்டுவிலிருந்து தொடங்குகிறேன்.

பூனை தன் உடம்பில் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாத பொருள் ஒன்று உண்டு. டாரின் என்று பெயர். இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லை. பாலில் இருப்பது மிகச் சொற்பம். டாரின் இல்லாத உணவை மாதக்கணக்கில் தின்ற பூனைக்கு விழித்திரை தேயத் தொடங்கும், இதயத் தசை மெலிந்து இதயம் பலூன் போலப் பெருக்கும். 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியன் என்ற கால்நடை மருத்துவரும் உடனிருந்தவர்களும் இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதுவரை, இதயம் பெருத்த பூனைகள் ஏன் சாகின்றன என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. விழித்திரையில் போனது மட்டும் திரும்புவதில்லை.

சிட்டு தவறி விழுவது சோம்பலால் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. தாவ வேண்டிய தூரத்தை அவள் கண் சரியாக அளக்கவில்லையோ, இதயம் தளர்ந்து பின்னங்கால்களுக்குப் பலம் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். இன்றிரவு ஒன்று செய்து பாருங்கள். அவள் உட்கார்ந்திருக்கும்போது, ஓரடி தள்ளியிருந்து, கைபேசி விளக்கை ஒரு நொடி அவள் கண் பக்கம் காட்டுங்கள். நல்ல பூனையின் கண்மணி சட்டென்று கோடாகச் சுருங்கும். அகலமாக, கருவட்டமாக அப்படியே நின்றால் நாளையே கிளம்ப வேண்டும். சுருங்கினாலும் இந்த வாரத்துக்குள் இதய ஸ்கேனும் கண் பரிசோதனையும் நடக்கட்டும். பக்கத்தில் வசதி இல்லையென்றால் ஹெப்பாளில் 1958 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம்.

பூனைக்குச் சைவம் கூடாது என்பதை ருசி சார்ந்த விஷயமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பழக்கினால் பழகிவிடும் என்று நினைக்கிறார்கள். நாக்கு பழகும், ஈரல் பழகாது. கேரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றும் வேலையை நம் உடம்பு செய்கிறது, நாயின் உடம்பும் செய்கிறது, பூனையால் முடியாது. அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பும் பிற உயிரின் உடம்பிலிருந்துதான் அதற்குக் கிடைத்தாக வேண்டும். உங்கள் வீட்டு வழக்கத்தை நான் மதிக்கிறேன். இறைச்சி சமைக்க வேண்டாம். பூனைக்கென்று 'முழுமையான, சமச்சீரான உணவு' என அட்டையில் அச்சிட்ட கடை உணவை வாங்கி அவளுக்குத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கடை உணவை நிறுத்தலாமா என்று கேட்ட உங்களிடம், ஒரு உயிருக்காவது இன்றே தொடங்குங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரேயடியாக மாற்றினால் முகர்ந்துவிட்டுப் போய்விடுவாள். பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு, பருமனான பூனைக்கு இன்னும் அதிகம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வாசனை எழும்பிய பின் வையுங்கள்.

இதே நகரத்தில் மீன் வாங்கும் வீடுகளில் வேறு விதமான தவறு நடக்கிறது. ரசல் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த மீனைப் பூனைக்குப் பச்சையாகவே போடுவார்கள். சில வகை மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகத் தொடர்ந்து தின்றால் அந்த வைட்டமின் தீர்ந்து, கழுத்து தொங்கி, வலிப்பு வரை போகும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடுவதால் அந்த நீரைக் கொட்டாமல் கிண்ணத்திலேயே ஊற்ற வேண்டும். ஈரல் பிடிக்கிறதே என்று தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல், முதுகு முடியெல்லாம் சிக்குப் பிடித்து வந்த ஒரு பூனையைப் பார்த்திருக்கிறேன். அது தின்றதெல்லாம் இயற்கையான, புதிய, விலையுயர்ந்த ஈரல்.

இனி மணி.

உங்கள் மனக்குறை நியாயமானது. மூன்று வாரம் அரிப்பை அடக்கும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். அது அரிப்பை நிறுத்தும், அரிப்புக்கான காரணத்தைத் தொடாது. வருடம் முழுக்க அதையே போட்டால் பசியும் தாகமும் கூடும், எடை ஏறும், தசை இளைக்கும், தோல் மெலியும். மணியின் 34 கிலோவில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். "வேறு வழி இல்லையா?" என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒரு எச்சரிக்கை மட்டும்: அவன் ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

'முழுமை மருத்துவம்' என்ற சொல்லை நானும் நேசிக்கிறேன். அதை மாத்திரைக்குப் பதில் இலை என்று புரிந்துகொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அரிப்புக்கு மஞ்சள், கழிச்சலுக்கு மாதுளை ஓடு, உண்ணிக்கு வேம்பு என்று பட்டியல் போடுவதும் நோய்க்கொரு ஊசி போடுவதும் ஒரே பார்வைதான். முழுமையாகப் பார்ப்பது என்றால் மணி படுக்கும் தரையைப் பார்ப்பது, அந்தத் தரையை எதனால் துடைக்கிறீர்கள் என்று கேட்பது, அவன் நடக்கப் போகும் புல்வெளியைப் பார்ப்பது, கால் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது, மலத்தைப் பார்ப்பது, ஒரு நாளில் எத்தனை கைகள் அவனுக்குத் தின்னக் கொடுக்கின்றன என்று எண்ணுவது. என்னிடம் வருபவர்களிடம் அரை மணி நேரம் இதைத்தான் கேட்பேன். மருந்துச் சீட்டு அதற்குப் பிறகுதான்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது, தயிர்சாதம். நாய்களுக்கு உணவு ஒவ்வாமை வரும்போது அடிக்கடி பிடிபடும் பொருள்கள் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. மணி கடை உணவு வழியாகக் கோழியையும், மாமியார் கையால் தயிரையும், தேநீர் நேரத்தில் நீங்கள் கொடுக்கும் பிஸ்கட் வழியாகக் கோதுமையையும் தினமும் தின்றுகொண்டிருக்கிறான். (பிஸ்கட் பற்றி நீங்கள் எழுதவில்லை. பிஸ்கட் இல்லாத லேப்ரடார் வீட்டை நான் பார்த்ததில்லை.) இவற்றில் எதுவுமே காரணமாக இல்லாமலும் போகலாம். தெள்ளுப்பூச்சி கடித்து வரும் ஒவ்வாமையும், தூசு, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமையும் உணவு ஒவ்வாமையைவிட அதிகம். அதனால் முதல் வேலை தோலைச் சுரண்டி, காதழுக்கை எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. பத்து நிமிட வேலை. அங்கே சொறிப்பூச்சியோ ஈஸ்ட் என்ற பூஞ்சையோ தெரிந்தால் அதற்கு மருந்து வேறு.

ஈஸ்ட் என்றால் தேங்காயெண்ணெய் கேடு செய்யும். நாயின் தோலில் வளரும் மலசீசியா என்ற ஈஸ்ட் எண்ணெய்ப் பசையில் செழிப்பது. அரிக்கும் இடத்தில் எண்ணெய் தடவினால் அன்று பளபளப்பாக இருக்கும். பத்து நாளில் தோல் கறுத்து, தடித்து, புளித்த மாவு வாடை வீசும். மழைக்காலத்தில் காதுக்குள்ளும் அக்குளிலும் அந்த வாடையோடு வரும் நாய்களில் பாதிக்கு மேல் வீட்டில் எண்ணெய் தடவப்பட்டவை.

சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் எட்டு வார உணவுச் சோதனை. இதுவரை அவன் வாயில் படாத ஒரே ஒரு புரதம், அதனோடு ஒரே ஒரு மாவுச்சத்து. இறைச்சி சமைக்காத வீட்டுக்கு எளிய வழி, புரதத்தை ஒவ்வாமை தூண்டாத அளவுக்கு நுண்ணியதாக உடைத்துச் செய்த மருத்துவ உணவு. விலை அதிகம், மறைக்கவில்லை. அந்த எட்டு வாரம் பிஸ்கட் கிடையாது, தயிர் கிடையாது, சுவையூட்டிய மாத்திரையும் கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கிப்போடும் ஒரு சப்பாத்தித் துண்டு எட்டு வார உழைப்பைக் கெடுத்துவிடும். இது ஊசியைவிடக் கடினம். காரணத்தைத் தேடுவதற்கு இதைவிட நேர்மையான வழியும் கிடையாது.

அதற்குப் பிறகு நீங்கள் ஆசைப்படும் வீட்டு உணவைப் பற்றிப் பேசலாம். உணவு விஷயத்தில் நாய், பூனையைப் போலக் கண்டிப்பானதல்ல. மனிதனோடு ஆயிரக்கணக்கான வருடங்கள் அடுப்பங்கரை ஓரம் வாழ்ந்ததில் அதன் உடம்பே மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே சோறும் ராகியும் நாய்க்கு விரோதிகள் அல்ல. ஓநாயின் வாரிசு என்பதால் பச்சை இறைச்சிதான் இயற்கை என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். பச்சை இறைச்சி வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சால்மோனெல்லா கிருமி நாயை ஒன்றும் செய்யாமல் போகலாம். அதே கிண்ணத்தைக் கழுவும் கைக்கும், நாய் முகத்தை நக்கும் குழந்தைக்கும் அது ஆபத்து.

என் பாட்டி ஊர் சாத்தூர்ப் பக்கம். வீட்டில் சிப்பிப்பாறை நாய் ஒன்று இருந்தது. காலையும் மாலையும் கம்மங்கூழ்தான் ஊற்றுவார்கள். "அந்தக் காலத்து நாய் கூழ் குடித்தே பதினான்கு வயது வாழவில்லையா?" என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். நான் சிறு வயதில் அந்த நாயின் பின்னால் அலைந்தவன். காட்டில் முயல் பிடித்தது, வரப்பில் எலி தோண்டியது, செத்த ஆட்டின் குடலை இழுத்துக்கொண்டு ஓடியது எல்லாம் கண்ணால் பார்த்தது. கூழ் அதன் உணவில் பாதிதான். மீதிப் பாதியை அதுவே சம்பாதித்துக்கொண்டது. பானஸ்வாடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் நாய்க்கு அந்த மீதிப் பாதியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 'இயற்கை உணவு' என்று கூழை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது இந்த இடத்தில்தான் கணக்கு தவறுகிறது.

இங்கே பெங்களூரில் ராகியில் கால்சியம் நிறைய இருக்கிறது, அதுவே போதும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 கிலோ எடையுள்ள, நாளுக்கு சுமார் 1300 கலோரி தின்னும் நாய்க்குக் கால்சியம் ஒன்றரை கிராம் அளவில் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். 200 கிராம் மாவைக் களியாகக் கிண்டிப் போட்டாலும் 700 மில்லிகிராம்தான். ராகியில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஃபைட்டேட் துத்தநாகத்தையும் விடாது. துத்தநாகம் குறைந்தால் நாய்க்கு மூக்கோரமும் கண்ணோரமும் பாதங்களும் வெடித்துப் பொருக்குத் தட்டும். சருமம் நன்றாக இருக்கட்டும் என்று களி போட்டு, களியாலேயே சருமம் கெட்ட நாய்கள் உண்டு. ராகி மாவை இரவு ஊறவைத்து லேசாகப் புளிக்கவிட்டுக் காய்ச்சினால் ஃபைட்டேட் குறையும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்ததில் இந்த நன்மையும் இருந்தது.

இறைச்சி போடும் வீடுகளில் பிழை மறுபக்கம். எலும்பில்லாத சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் அறவே குறைவு. குட்டிக்கு வெறும் கோழிச் சதையும் சோறும் போட்டால், இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவும். கட்டிலிலிருந்து குதித்த குட்டிக்குத் தொடையெலும்பு முறிந்து வருவது இப்படித்தான். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு கண்ணாடித் தாள் போலத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்கள் நல்ல கறியாகப் பார்த்துத்தானே வாங்கிப் போட்டோம்" என்று அழுத ஒரு தகப்பனின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய வீட்டிலேயே வழி இருக்கிறது. முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சல்லடையில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் விபூதி போல இருக்க வேண்டும், நறநறப்புத் தெரிந்தால் இன்னொரு சுற்று அரைக்க வேண்டும். இந்தப் பொடி ஒரு கிராமில் 380 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அரைத் தேக்கரண்டி சுமார் 3 கிராம். பெரிய நாயின் ஒரு நாள் தேவைக்கு முக்கால் பங்கு அதிலேயே வந்துவிடும், மீதி உணவிலிருந்து. ஏற்கெனவே சமச்சீரான கடை உணவு தின்னும் நாய்க்கும், பெரிய ரகக் குட்டிகளுக்கும் இதைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கோணும்.

கால்சியத்தை இவ்வளவு விரித்துச் சொன்னதால் அது ஒன்றுதான் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் இ, ஒமேகா-3 என்று வரிசை நீளும். டேவிஸ் வளாகத்தில் 2013-ல் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். புத்தகங்களில் வந்தவை, கால்நடை மருத்துவர்களே எழுதியவை எல்லாம் அதில் இருந்தன. 95 சதவீதத்தில் குறைந்தது ஒரு சத்தாவது போதவில்லை. ஆகவே என் யோசனை இது: ஒவ்வாமைச் சோதனை முடிந்தபின் பாதி அளவு நல்ல கடை உணவு, பாதி வீட்டு உணவு. வீட்டுப் பாதியில் வேகவைத்த முட்டை, குழைய வெந்த பாசிப்பருப்பு, சோறு அல்லது புளித்த ராகிக் கூழ், வேகவைத்த பரங்கிக்காயோ பீன்ஸோ, பால் ஒத்துக்கொண்டால் பன்னீர். முழுக்க வீட்டு உணவுதான் வேண்டுமென்றால் அதுவும் முடியும், முட்டையோடு கூடிய சைவத்திலேயே முடியும். ஆனால் நாய்களுக்கான வைட்டமின்-தாது உப்புக் கலவை சேர்த்து, விலங்கு ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்த குறிப்பைக் கிராம் கணக்கில் பின்பற்ற வேண்டும். கண்மதிப்பு உதவாது, ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள்.

நம் சமையலறையிலிருந்து நாயின் கிண்ணத்துக்குப் போகவே கூடாதவை சில உண்டு. நான் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் அல்சூரில் ஒரு வீட்டுப் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறு கிலோ இருக்கும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது என்றார்கள். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைத் தாளாக இருந்தது. ஒரு மாதமாக அதற்குத் தினமும் சாம்பார் சாதம், நிறையச் சின்ன வெங்காயம் போட்டது. வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாயைப் பாதிக்கும், பூனைக்கு 5 கிராமே போதும். சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். அந்த நாயை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. உண்ணியை விரட்டப் பூண்டு கொடுக்கச் சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது பல வருடங்களாகத் தெரியும். காரணம் டார்டாரிக் அமிலம் என்று 2021-ல் அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் நம் புளியில் நிறைய இருக்கிறது. எனவே புளியோதரை, ரசம், வத்தக்குழம்பு எதுவும் வேண்டாம், பாயசத்துக் கிஸ்மிஸும் வேண்டாம். சாக்லேட்டும், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேரும் சைலிட்டாலும் அதே வரிசை. வெந்த எலும்பு ஊசியாக உடையும்.

இப்போது நாட்டு மருந்து. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன், அது அக்கறையோடு சோதிக்கப்பட்ட இடங்களை நேரில் அறிந்தவன். எலகங்காப் பக்கம் இருக்கும் டிரான்ஸ் டிசிப்ளினரி பல்கலைக்கழகமும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் மரபு வழிக் கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. பசுவின் மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடியில் நாளுக்குப் பலமுறை பூசும் முறை இன்று கறவை மாடு வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியும். அதில் கிராம் கணக்கு இருக்கிறது, எந்த விலங்குக்கு என்பது இருக்கிறது, உடம்பில் எந்த இடத்தில் என்பது இருக்கிறது. அதையே எடுத்து மணியின் வயிற்றில் பூசினால் ஐந்து நிமிடத்தில் நக்கிவிடுவான். சுண்ணாம்பு நாக்கைப் புண்ணாக்கும், கற்றாழைத் தோலின் மஞ்சள் பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும். மரபு மருத்துவத்தில் தேர்ந்தவர் யாரும் மாட்டு மருந்தை நாய்க்குச் சொல்ல மாட்டார்.

மஞ்சள் உணவில் ஒரு சிட்டிகை போனால் தீங்கில்லை. அதில் உள்ள குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு என்பதால் அரிப்பு நிற்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மஞ்சள் மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும், இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வேப்பிலை கொதிக்கவைத்து ஆறிய நீரில் நாயைக் குளிப்பாட்டலாம், எனக்கும் பிடித்த பழக்கம். வேப்பெண்ணெயை நேரடியாகத் தடவாதீர்கள். சிட்டு அவன் மேல் உரசிப் படுப்பவளாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். நறுமண எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் சில துளிகளிலேயே பூனையைத் தள்ளாடவைக்கும். அதே காரணத்தால் பாரசிட்டமால் அரை மாத்திரை கூடப் பூனைக்கு எமன்.

பரங்கிக்காயை நான் மருந்தாகவே எழுதிக் கொடுப்பேன், லேசான கழிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் அதன் நார் உதவும். இசப்கோல் அதைவிடப் பலமானது, தண்ணீர் நிறைய வேண்டும். வயதான நாய்களின் மூட்டுவலிக்கு மீன் எண்ணெயில் நல்ல பலன் கண்டிருக்கிறேன், ஆய்வுகளும் ஆதரிக்கின்றன. குத்தூசி மருத்துவத்தால் வலி குறைந்த நாய்கள் உண்டு, மருந்தோடு சேர்த்துச் செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை.

மணியின் மூட்டுக்கும் ஆயுளுக்கும் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இயற்கை மருந்து அவன் எடையைக் குறைப்பதுதான். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. குறைவாகத் தின்றவை சராசரியாக 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மணி 28 கிலோவுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் நாளுக்கு 850 முதல் 900 கலோரி, மாதம் ஒரு கிலோ இறங்கினால் போதும். விலாவில் கை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தலையணை போல இருந்தால் இன்னும் தூரம் போக வேண்டும்.

தடுப்பூசியில் மட்டும் என்னிடம் விட்டுக்கொடுத்தல் கிடையாது. வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் நாய்க்கும் மனிதருக்கும் மருந்தில்லை, மரணம்தான். தெருநாய்களோடு மூக்கு உரசும் நகரத்தில் வாழ்கிறோம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகளுக்கு மாற்றாக விற்கும் உருண்டைகள் எதுவும் பாதுகாப்பு தருவதாக நிரூபணமில்லை. எலிச் சிறுநீர் கலந்த மழைநீர்க் குட்டைகளால் வரும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் வருடாந்திர ஊசி வேண்டும்.

பெங்களூரில் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி கடிப்பதால் எர்லிக்கியா என்ற கிருமி இரத்தத்தில் ஏறி, தட்டணுக்கள் மளமளவென்று விழும். பப்பாளி இலைச் சாறு கொடுத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, மூக்கில் இரத்தம் வழிய வழியக் கொண்டுவருவார்கள். சாறு கிருமியைக் கொல்லாது. அதைக் கொல்லும் டாக்சிசைக்ளின் விலை குறைந்த மாத்திரை, வழக்கமாக 28 நாள் கொடுக்கிறோம். முதல் நாளே வந்த நாய் மூன்றாவது நாள் எழுந்து வாலாட்டும். ஆகவே உண்ணிக்கு எதிரான மாத்திரையோ முதுகில் விடும் சொட்டு மருந்தோ நிறுத்த வேண்டாம். நாய்க்கான சொட்டு மருந்தைச் சிட்டுவுக்கு விட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்ததாக இருந்தால் பூனை துடித்துச் சாகும். நடை முடிந்து வந்ததும் மணியைப் படுக்கவைத்து, காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்குக் கீழே, விரல் இடுக்குகளில் விரலால் தடவிப் பாருங்கள். மிளகு போல உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கையால் நசுக்காதீர்கள். ஈறின் நிறத்தையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரிடம் தயிர்சாதத்தை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னால் மனம் வருந்துவார். அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். உணவுச் சோதனை நடக்கும் எட்டு வாரமும் மாலை நான்கு மணிக்கு மணியின் மருத்துவ உணவில் அளந்து எடுத்துவைத்த ஒரு கைப்பிடியை, ஒவ்வொன்றாக, அவரே ஊட்டட்டும். மணிக்கு வேண்டியது அந்தக் கையும் அந்த நேரமும்தான். சோதனை முடிந்தபின் அதே நேரத்தில் வேகவைத்த பரங்கிக்காய் நான்கு துண்டு.

நான் சொன்ன பரிசோதனைக்கு வரும்போது மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும்: ஏழு நாள் மணியின் வாயில் போனது அனைத்தும், பிஸ்கட் உட்பட, எழுதிய தாள், அன்று காலை மலம் ஒரு சிறு டப்பாவில், இதுவரை போட்ட ஊசிகளின் பெயர்ச் சீட்டுகள். சிட்டுவை இதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். துணி விரித்த கூடையில் வைத்து, மூடி, இந்த வாரமே அழைத்துப் போங்கள்.